"வாடிக்கையாளரே முதன்மை" என்று சுவரில் மாட்டினோம், புகார் குறையவில்லை

கேள்வி, 6 ஜூன் 2025

எங்கள் நிறுவனத்தில் 40 பேர். இயந்திரங்களை விற்பதும் விற்றபின் பராமரிப்பதும் தொழில். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் "வாடிக்கையாளரே முதன்மை" என்று பெரிய பலகையில் எழுதி வாசலிலும் கூடத்திலும் மாட்டினோம். எல்லோருக்கும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தோம். ஐந்து மாதம் ஆகிவிட்டது. புகார் குறையவில்லை, போன மாதம் கூடவே செய்திருக்கிறது. ஆட்கள் சரியில்லை, நல்ல ஆட்களை எடுத்தால் பண்பாடு தானாக வரும் என்கிறார் என் பங்குதாரர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பழைய ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனத்தின் குணத்தை மாற்ற முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

6 ஜூன் 2025, இரவு

முதலில் பலகையை இறக்குங்கள். ஆட்களை மாற்றுவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

உங்கள் ஊழியர் ஒருவர், யாரிடமும் அனுமதி கேட்காமல், வாடிக்கையாளருக்காக நிறுவனத்தின் பணத்தைச் செலவழித்தது கடைசியாக எப்போது? அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று? உங்களுக்கு நினைவில்லை என்றால் ஊழியர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு நாள் கிழமையோடு நினைவிருக்கும்.

நகல் இயந்திரங்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றை 19 ஆண்டுகள் நடத்தினேன். தொடங்கும்போது 4 பேர், விட்டு வரும்போது 31 பேர். ஏழாவது ஆண்டில் நடந்தது இது. எங்கள் மெக்கானிக் ஒருவர் பழுது பார்க்கப் போன இடத்தில் இயந்திரத்தின் டிரம், அதாவது தாளில் எழுத்தைப் பதிக்கும் உருளை, கெட்டுப்போயிருந்தது. உத்தரவாதக் காலம் முடிந்து 3 நாள்தான் ஆகியிருந்தது. வாங்கிய மாதத்திலிருந்தே அந்த இயந்திரம் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியும், அலுவலகத்துக்கும் தெரியும். அவர் புது டிரம்மை மாட்டிவிட்டு, பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மாதக் கடைசியில் கணக்காளர் அதன் விலையை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். என்ன தாள் என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு, எங்கள் ஆட்கள் எவரும் வெளியிடத்தில் எந்த முடிவும் எடுக்கவில்லை. எதைக் கேட்டாலும் "அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரே பதில். நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்தை நிறுத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. "உங்கள் ஆட்கள் எல்லோரும் தங்கமான பிள்ளைகள். ஆனால் அவர்களிடம் பேசி என்ன பயன்? யாருக்கும் எதற்கும் அதிகாரம் இல்லையே" என்றார்.

இதே பிள்ளைகள்தான் அதற்கு முன் கேட்காமலேயே டிரம் மாட்டிவிட்டு வந்தவர்கள்.

8 ஜூன் 2025

"பழைய ஆட்களை வைத்துக்கொண்டு முடியுமா" என்ற கேள்விக்கு முழுப் பதில் சொல்லவில்லை. முடியும். அதற்குச் சான்றாக ஒரு கார் ஆலையே இருந்தது.

கலிபோர்னியாவில் பிரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை. வேலைக்கு வராமல் இருப்பது, திடீர் வேலைநிறுத்தம், மோசமான தரம் எனப் பெயர் கெட்டுப்போய் 1982இல் மூடினார்கள். 1984இல் டொயோட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து 'நும்மி' என்ற பெயரில் அதையே திறந்தார்கள். உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆலையில் வேலை பார்த்தவர்கள். தொழிற்சங்கமும் பழையதே. முன்பு 20 விழுக்காடு வரை போன வராதோர் கணக்கு மிகச் சிறிய எண்ணிக்கைக்கு இறங்கியது. காரின் தரம் விரைவிலேயே டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைகளை ஒட்டி வந்துவிட்டது.

மாறியது என்ன? பல உண்டு, எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு கயிறு. ஓடும் வரிசையில் குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் ஓடி வருவார். குறிப்பிட்ட இடத்தை கார் எட்டுவதற்குள் சரி செய்ய முடியாவிட்டால் வரிசை நிற்கும். பழைய ஆலையில் எது நடந்தாலும் வரிசை நிற்கக் கூடாது. புதிய ஆலையில் கயிற்றை இழுத்தவருக்கு உதவி வந்து சேரும்.

இதன் வேர் ஒரு தறி. டொயோட்டா கார் நிறுவனத்தைத் தொடங்கியவரின் தந்தை சகிச்சி டொயோடா 1924இல் உருவாக்கிய தானியங்கித் தறியில் இழை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். பழுதான துணியை முழம் முழமாக நெய்துவிட்டுப் பிறகு வருந்த வேண்டியதில்லை. அந்த எண்ணத்தைத்தான் கார் வரிசைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் மேலாளர்களை நும்மிக்கு அனுப்பிப் பார்க்க வைத்தது. ஆனாலும் அங்கே கண்டதைத் தன் மற்ற ஆலைகளில் நடைமுறைப்படுத்த நெடுங்காலம் திணறியது. கயிற்றை யாரும் மாட்டிவிடலாம். இழுத்தவனைத் திட்டாமல் இருக்க மேலாளர் பழக வேண்டும், அதுதான் கடினம்.

9 ஜூன் 2025

"எங்களிடம் வரிசையும் இல்லை, கயிறும் இல்லை" என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. உங்கள் தொலைபேசி மேசையில் இருப்பவரிடம்தான் அது இருக்கிறது.

எங்கள் மேசையில் இருந்த பெண்ணுக்கு ஓர் அழைப்புக்கு 4 நிமிடம் என்று நான் வரம்பு வைத்திருந்தேன். நாளொன்றுக்கு எத்தனை அழைப்பு என்று கணக்கும் எடுத்தேன். அவர் வரம்பை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். ஒரே இயந்திரத்துக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை அழைப்பு வரும். மூன்றும் 4 நிமிடத்துக்குள் முடியும். என் கணக்கில் அது மூன்று வெற்றி, வாடிக்கையாளருக்கோ ஒரு வாரம் வேலை கெட்டது.

ஜாப்போஸ் என்ற அமெரிக்கக் காலணி நிறுவனம் 1999இல் தொடங்கியது. அழைப்பு எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதை வைத்து ஊழியரை எடைபோடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். ஓர் அழைப்பு 10 மணி நேரத்துக்கும் மேல் நீண்டதைப் பெருமையாகவே வெளியில் சொன்னார்கள். வாங்கிய பொருளை 365 நாளுக்குள் திருப்பலாம் என்றும் வைத்திருந்தார்கள். பயிற்சி முடிவில், விருப்பமில்லாதவர்கள் பணம் பெற்றுக்கொண்டு விலகலாம் என்றும் ஒரு வாய்ப்பு. 2009இல் அமேசான் அந்த நிறுவனத்தை வாங்கியது.

அதற்காகப் பத்து மணி நேரம் பேசச் சொல்லவில்லை. வரம்பை எடுத்தபின் எங்கள் சராசரி அழைப்பு 6 நிமிடம் ஆயிற்று, அவ்வளவுதான். இரண்டாம் முறை அழைப்பது பாதியாகக் குறைந்தது.

12 ஜூன் 2025

அளவுகோலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது, இதைச் சொல்லாமல் விட முடியாது.

அமெரிக்காவின் பெரிய வங்கிகளில் ஒன்றான வெல்ஸ் பார்கோ, வாடிக்கையாளருக்கு எது நல்லதோ அதையே செய்வோம் என்று தன் கொள்கை அறிக்கைகளில் நீட்டி முழக்கி எழுதிவைத்திருந்தது. கிளை ஊழியருக்குக் கொடுத்த இலக்கு வேறு: ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் 8 கணக்கோ அட்டையோ இருக்க வேண்டும். இலக்கை எட்டாதவர்களுக்கு நாள்தோறும் நெருக்கடி. விளைவு, வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகள் தொடங்கினார்கள். 2016 செப்டம்பரில் விவகாரம் வெடித்தபோது ஏறக்குறைய 20 லட்சம் கணக்குகள். 18.5 கோடி டாலர் அபராதம். சில ஆண்டுகளில் 5,300 ஊழியர்களை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள்.

அந்த 5,300 பேரும் 'சரியில்லாத ஆட்கள்' என்று உங்கள் பங்குதாரர் சொல்வாரா? ஒரு நிறுவனத்தில் ஐயாயிரம் பேர் ஒரே தவற்றைச் செய்தால், அதைக் கற்றுக்கொடுத்தவர் மேலே இருக்கிறார். இதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வாடகை கட்ட வேண்டும், பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்ற நிலையில் உள்ள ஒருவரிடம் முடியாத இலக்கைக் கொடுத்துவிட்டு, நேர்மையைப் பற்றி வகுப்பும் எடுத்திருக்கிறார்கள்.

13 ஜூன் 2025

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 20 லட்சம் என்பது முதலில் சொன்ன எண்ணிக்கை. 2017இல் மறுபடி ஆராய்ந்தபோது, அனுமதி இல்லாமல் தொடங்கியிருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை என்று உயர்ந்தது. 2020இல் இந்த விவகாரத்தைத் தீர்த்துக்கொள்ள வங்கி 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆக நான் குறைத்துச் சொல்லிவிட்டேன்.

19 ஜூன் 2025

வாடிக்கையாளரிடம் 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பிரெட் ரெய்க்ஹெல்ட் என்ற அமெரிக்க நிர்வாக ஆலோசகர் 2003இல் முன்வைத்த முறைதான் இன்று எல்லோரும் பின்பற்றுவது. எங்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று ஒரே கேள்வி. 9, 10 போட்டவர்கள் நம்மைப் பரப்புகிறவர்கள். 7, 8 எந்தப் பக்கமும் இல்லை. 6 முதல் கீழே எல்லாம் நம்மைக் குறை சொல்பவர்கள். மேலுள்ளவர்களின் விழுக்காட்டிலிருந்து கீழுள்ளவர்களின் விழுக்காட்டைக் கழித்தால் உங்கள் எண் கிடைக்கும்.

வாங்குங்கள். ஆனால் அந்த எண்ணைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். நான் போட்டேன். மூன்றே மாதத்தில் எங்கள் எண் ஏறிக்கொண்டே போனது, எனக்கு ஒரே மகிழ்ச்சி. அதே ஆண்டில் பராமரிப்பு ஒப்பந்தங்களைப் புதுப்பித்தவர்கள் குறைந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, மெக்கானிக்குகள் வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் மேசையருகே நின்று "பத்து போடுங்கள், இல்லையென்றால் என் ஊக்கத்தொகை போய்விடும்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனிதர் இரக்கப்பட்டுப் பத்துப் போடுவார். அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்துக்குப் போவார்.

எண்ணைவிட அதன் கீழே இருந்த வெற்றுக் கட்டம்தான் எனக்கு உதவியது. அதில் ஒருவர் எழுதியிருந்தார்: "வந்தவர் நல்லவர். நான்கு முறை வந்தார்." அந்த ஒரு வரியை வைத்துத்தான் உதிரி பாகங்களை வண்டியில் ஏற்றிவிடும் முறையையே மாற்றினோம்.

27 ஜூன் 2025

பலகையைக் கழற்றச் சொன்னதை ஒருவர் கண்டித்திருக்கிறார். எழுத்தில் வைத்ததால் பிழைத்த நிறுவனம் உண்டு என்கிறார். அவர் சொல்வது ஞாயம். நான் அவசரப்பட்டு எழுதியிருக்கிறேன்.

ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தின் கொள்கைப் பத்திரத்தை 1943இல் ராபர்ட் உட் ஜான்சன் எழுதினார். பொறுப்புகளை அதில் வரிசைப்படுத்தியிருக்கிறார்: மருத்துவர், நோயாளி, வாங்கிப் பயன்படுத்துவோர் முதலில், ஊழியர் அடுத்து, சமூகம் அதற்கடுத்து, பங்கு வைத்திருப்போர் கடைசி. 1982இல் சிகாகோ வட்டாரத்தில் அந்த நிறுவனத்தின் டைலெனால் என்ற வலி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்ததால் 7 பேர் இறந்தார்கள். கலந்தது நிறுவனம் இல்லை, கடைகளுக்குப் போனபின் நடந்த கொடுமை. இருந்தும் நாடு முழுவதிலிருந்தும் ஏறக்குறைய 3.1 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற்றார்கள். 10 கோடி டாலருக்கு மேல் செலவு. பிறகு, பிரித்தால் தெரிந்துவிடும் அடைப்புகளோடு மருந்தை மறுபடி கொண்டுவந்தார்கள்.

ஆனால் எழுதி மாட்டியதால் மட்டும் இது நடக்கவில்லை. அப்போது தலைவராக இருந்த ஜேம்ஸ் பர்க், அந்தச் சோகத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே மேலாளர்களைக் கூட்டி, இந்தப் பத்திரத்தை நம்புகிறீர்களா, இல்லையென்றால் சுவரிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டு விவாதிக்க வைத்தார். வரி வரியாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். எனவே நான் முதல் நாள் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். பலகையை இறக்கி மேசைமேல் வையுங்கள். 40 பேரையும் உட்கார வைத்து, இது உண்மையா என்று கேளுங்கள். அவர்கள் வாய் திறந்தால், பிறகு மாட்டுவதா வேண்டாமா என்பதை அவர்களே சொல்லட்டும்.

அதே நிறுவனம் 2022இல், போதை தரும் வலி மருந்துகள் தொடர்பான வழக்குகளில் 500 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது. பத்திரம் அப்போதும் இருந்தது. இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

6 ஜூலை 2025

ஊழியருக்கு அதிகாரம் என்றால் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். எண் ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. "உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் பயந்தவர் எதுவும் செய்ய மாட்டார். ரிட்ஸ் கார்ல்டன் விடுதிகளில், விருந்தினர் ஒருவரின் குறையைத் தீர்க்க ஊழியர் 2,000 டாலர் வரை மேலாளரைக் கேட்காமல் செலவிடலாம் என்பது பலரும் அறிந்தது. அறையைத் துப்புரவு செய்பவருக்கும் அந்த உரிமை உண்டு.

நாங்கள் வைத்த வரம்பு, அந்த வாடிக்கையாளரின் ஒரு மாதப் பராமரிப்புக் கட்டணம். அதற்குள் என்றால் மெக்கானிக்கே முடிவெடுக்கலாம், பிறகு ஒரு சீட்டில் காரணத்தை எழுதி வைத்தால் போதும். கூட்டம் போட்டு அறிவித்தேன். முதல் மாதம் ஒரு சீட்டும் வரவில்லை. இரண்டாம் மாதமும் இல்லை. மூன்றாம் மாதமும் இல்லை.

யாரும் என்னை நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? டிரம் கதை எல்லோருக்கும் தெரியும். புதிதாகச் சேர்ந்தவருக்குக்கூட முதல் வாரத்திலேயே அதைச் சொல்லிவிடுவார்களாம். எட்கர் ஷைன் என்ற அறிஞர் நிறுவனப் பண்பாட்டை மூன்று அடுக்காகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள், வாயால் சொல்லும் கொள்கைகள், யாரும் சொல்லாமலே எல்லோரும் நம்பும் அனுமானங்கள். எங்கள் மூன்றாவது அடுக்கில் அந்தச் சம்பளப் பிடித்தம் உட்கார்ந்திருந்தது. அறிவிப்பால் அதை அசைக்க முடியவில்லை.

நான்காம் மாதம் தொலைபேசி மேசைப் பெண் முதல் சீட்டை எழுதினார். தேர்வுத் தாள் அச்சிட வேண்டிய நாளில் ஒரு பள்ளியின் இயந்திரம் நின்றுவிட்டது. எங்கள் மெக்கானிக் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். அந்தப் பெண்ணே வாடகைக்கு வேறு இயந்திரம் ஏற்பாடு செய்து அனுப்பிவிட்டார். வரம்பைவிடச் சற்று அதிகம். கணக்காளர் சீட்டோடு என்னிடம் வந்தார். அறைக்கு வெளியே எல்லோரும் வேலை பார்ப்பதுபோல் இருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. நான் கையெழுத்திட்டேன். பிறகு வெளியே போய் அந்தப் பெண்ணின் மேசையருகே நின்று, அந்தப் பள்ளிக்கு வேலை முடிந்ததா, தாள் நேரத்துக்கு அச்சானதா என்று மட்டும் கேட்டேன். வரம்பு மீறியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் 9 சீட்டு.

8 ஜூலை 2025

மேலே எழுதியதைப் படித்தால் எல்லாம் சுமுகமாக நடந்ததுபோல் இருக்கிறது. ஒருவர் தன் உறவினரின் இயந்திரத்துக்குத் தொடர்ந்து இலவசமாகப் பாகங்கள் மாட்டினார். கண்டுபிடித்த அன்று, முறையையே எடுத்துவிடலாம் என்று அறிவிப்புக்கூட எழுதிவிட்டேன். எங்களோடு முதல் நாளிலிருந்து இருந்த மூத்த மெக்கானிக் அதைப் படித்துவிட்டு, "ஐயா, ஒருவர் செய்ததற்கு முப்பது பேரைத் தண்டிக்கிறீர்கள். நாளை முதல் எல்லோரும் மறுபடி அலுவலகத்தைக் கேட்பார்கள்" என்றார். அறிவிப்பைக் கிழித்துவிட்டு அந்த ஒருவரை மட்டும் வேலையிலிருந்து நீக்கினேன்.

20 ஜூலை 2025

"வாடிக்கையாளர் சொல்வதே சரி" என்ற வாசகத்தைப் பலர் இங்கே ஏற்றுக்கொண்டே பேசுகிறார்கள். நான் ஏற்கவில்லை.

எங்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது. அதன் நிர்வாகி தொலைபேசியில் எங்கள் பெண்ணைக் கேட்கக் கூசும் சொற்களால் திட்டுவார். ஓராண்டு பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். பொறுத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் அவர் அழைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பெண்ணின் கை நடுங்கியதைப் பார்த்தேன். அன்று மாலையே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாகக் கடிதம் அனுப்பினேன்.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தை வளர்த்த ஹெர்ப் கெல்லஹர் இதில் உறுதியாக இருந்தவர். முதலில் ஊழியர், ஊழியர் நன்றாக இருந்தால் பயணி நன்றாக இருப்பார், பயணி திரும்பி வந்தால் பங்கு வைத்திருப்போருக்கும் நல்லது என்பது அவர் வரிசை. ஊழியரை இழிவாக நடத்தும் பயணிக்காக அவர் ஊழியரை விட்டுக்கொடுத்ததில்லை. அந்த நிறுவனம் 1971இல் பறக்கத் தொடங்கியது. 1973லேயே இலாபத்தில் ஊழியருக்குப் பங்கு கொடுக்கத் தொடங்கிவிட்டது. 1972இல் பணமுடையால் 4 விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தபோது, 3 விமானத்தில் 4 விமானத்தின் வேலையைச் செய்ய, தரையிறங்கிய விமானத்தை 10 நிமிடத்தில் மறுபடி கிளப்பும் முறையை ஊழியர்களே சேர்ந்து உருவாக்கினார்கள்.

அந்தப் பத்தில் ஒரு பங்கை ஈடுகட்ட எங்களுக்கு 14 மாதம் ஆயிற்று. கடினமான மாதங்கள். அதில் ஒரு மாதம் சம்பளம் 6 நாள் தாமதம். யாரும் வேலையை விட்டுப் போகவில்லை.

3 ஆகஸ்ட் 2025

சவுத்வெஸ்டை அவ்வளவு புகழ்ந்துவிட்டு 2022 டிசம்பரைச் சொல்லவில்லையே என்று கேட்டவர் சரியாகப் பிடித்தார். இரண்டு வாரமாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் குளிர்காலப் புயல் வந்தது. மற்ற நிறுவனங்கள் சில நாளில் எழுந்துவிட்டன. சவுத்வெஸ்ட் மட்டும் விழுந்தே கிடந்தது. ஏறக்குறைய 17,000 விமானங்கள் ரத்து, 20 லட்சம் பயணிகள் தவித்தார்கள். விமானி எங்கே இருக்கிறார், பணிப்பெண் எங்கே இருக்கிறார் என்பதே நிறுவனத்துக்குத் தெரியவில்லை. ஆட்களை மறுபடி ஒதுக்கும் கணினி முறை பழையது, அவ்வளவு மாற்றத்தை ஒரே நேரத்தில் தாங்கவில்லை. ஊழியர்களே தொலைபேசியில் மணிக்கணக்காகக் காத்துக்கிடந்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் தண்டம் விதித்தது.

என்னை உறுத்துவது இதுதான்: விமானிகள் சங்கமும் பணிக்குழுச் சங்கமும் இந்தக் கணினி முறையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஊழியரை அன்பாக நடத்துவதும் ஊழியர் சொல்வதைக் கேட்பதும் ஒன்றென்று நான் இதுவரை நினைத்திருந்தேன். முதல் நாளிலிருந்து இங்கே எழுதியதெல்லாம் அந்த நினைப்பில்தான். இரண்டும் வேறு.

எங்களிடமும் அப்படித்தான் இருந்தது. எந்த மெக்கானிக் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதை ஒரு பதிவேட்டில் எழுதி, அதையே கணினியில் மறுபடி ஏற்றுவோம். இரண்டும் பொருந்தாத நாளில் இருவர் ஒரே இடத்துக்குப் போவார்கள், இன்னோர் இடத்துக்கு யாரும் போக மாட்டார்கள். நான்கு ஆண்டாகச் சொன்னார்கள். நான் அவர்களை நன்றாகத்தான் நடத்தினேன். பெயர் சொல்லி நலம் விசாரிப்பேன், வீட்டு விசேஷத்துக்குப் போவேன். பதிவேட்டை மட்டும் மாற்றவில்லை. காத்திருந்த வாடிக்கையாளரின் கோபத்தை வாங்கிக்கொண்டது அவர்கள்தான்.

4 ஆகஸ்ட் 2025

ஒன்று விட்டுப்போயிற்று. இந்த ஆண்டு பிப்ரவரியில் சவுத்வெஸ்ட் 1,750 அலுவலகப் பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அதன் வரலாற்றில் இவ்வளவு பெரிய ஆட்குறைப்பு நடந்ததில்லை. மே மாதக் கடைசியிலிருந்து பெரும்பாலான பயணிகளின் பெட்டிகளுக்கும் கட்டணம் வாங்குகிறார்கள். ஐம்பது ஆண்டுப் பழக்கங்கள் ஒரே ஆண்டில் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

17 ஆகஸ்ட் 2025

கேட்டவரின் முதல் வரிக்குத் திரும்பப் போகிறேன். "புகார் குறையவில்லை, கூடவே செய்திருக்கிறது." இரண்டரை மாதமாக அதைக் கெட்ட செய்தியாகவே எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். அது கெட்ட செய்தியா?

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்கள் தலைகீழாக வந்தன, நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். ஆழமாகப் பார்த்தபோது, அந்தக் குழுக்கள் தவறுகளைத் திறந்து பேசுகின்றன, மற்றவை மறைக்கின்றன என்று புரிந்தது.

உங்கள் ஐந்து மாதக் கணக்கை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் நேரடியாக அனுப்பியது எத்தனை, உங்கள் ஊழியர் எழுதிக் கொடுத்தது எத்தனை? ஒரே இயந்திரம், ஒரே குறை, திரும்பத் திரும்ப வருவது எத்தனை? ஊழியர் எழுதிக் கொடுத்தது கூடியிருந்தால், பயிற்சி ஏதோ நல்லது செய்திருக்கிறது, உங்கள் பங்குதாரர் அவர்களை வெளியே அனுப்பப் பார்க்கிறார். திரும்ப வருவது கூடியிருந்தால் அது வேறு நோய், உதிரி பாகத்திலோ வேலை ஒதுக்கீட்டிலோ தேடுங்கள். பிரிக்காமல் மொத்தமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இந்தக் கேள்வியை ஜூன் 6ஆம் தேதியே கேட்டிருக்க வேண்டும்.

24 ஆகஸ்ட் 2025

கேட்டவர் பிரித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். கூடிய புகார்களில் முக்கால் பங்கு ஊழியர்கள் கைப்பட எழுதியவை, அதில் பாதி ஒரே வகை இயந்திரத்தின் ஒரே பாகத்தைப் பற்றியவை. பங்குதாரரிடம் அந்தச் சீட்டுகளைக் காட்டினாராம். இருவரும் இப்போது அந்தப் பாகத்தைத் தயாரிப்பவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மிக்க மகிழ்ச்சி. எழுதிய ஊழியர்களிடம், அவர்கள் சீட்டால் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அடுத்த மாதம் எழுத மாட்டார்கள்.

30 ஆகஸ்ட் 2025

டிரம் மாட்டிய மெக்கானிக்குக்குப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. அடுத்த ஆண்டே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பிறகு முறைகளை எல்லாம் மாற்றினேன், அவரைத் தேடிப் போகவில்லை. இந்தக் கேள்வியை இத்தனை ஆண்டில் வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

21 செப்டம்பர் 2025

அவரைக் கண்டுபிடித்தேன். மூத்த மெக்கானிக்கிடம் எண் இருந்தது. எப்போதும் இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. இரண்டு பேரை வைத்துக்கொண்டு தனியாகப் பழுதுபார்க்கும் வேலை செய்கிறார்.

பிடித்த தொகையை ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோனேன். முதலில் வாங்க மறுத்தார். பழைய கதை, விடுங்கள் என்றார். நான் கிளம்பாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து, தேதி போட்டு, "டிரம் ஒன்று, கணக்கு முடிந்தது" என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

அந்த டிரம் போட்ட வாடிக்கையாளர் இப்போது யாரிடம் பழுது பார்க்கிறார் என்று கேட்டேன். "என்னிடம்தான். நான் தனியாக வந்த முதல் மாதத்திலிருந்து" என்றார்.